பெண் குதிரையை மாற்றுவதா, வேலியை மாற்றுவதா?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். செமினிப் பக்கம் ஒரு சவாரிப் பள்ளியில் மாதக் கட்டணம் கொடுத்து உங்கள் பெண் குதிரையை விட்டிருக்கிறீர்கள். அதோடு இன்னும் இரண்டு பெண் குதிரைகள் ஒரு திடலில் மேய்கின்றன. ஒற்றை மரவேலிக்கு அந்தப் பக்கம் நான்கு காயடித்த ஆண் குதிரைகள். பல நாள் எல்லாம் அமைதியாகப் போகிறது. திடீரென்று சில நாள் உங்கள் குதிரை வேலியோரமே நிற்கிறது, வீறிடுகிறது. அந்தப் பக்கம் செம்பழுப்பு நிறக் குதிரை ஒன்று மற்ற மூன்றையும் கடித்து விரட்டுகிறது. போன வாரம் வேலிப் பலகை உடைந்து ஒன்றின் முன்னங்காலைக் கிழித்துவிட்டது. "உங்கள் குதிரையால்தான் இவ்வளவும், வேறு இடம் பாருங்கள்" என்று நடத்துபவர் சொல்லிவிட்டார். ரவாங் பக்கம் நல்ல லாயம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதியதைப் படித்தால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று தோன்றுகிறது: காயடித்த பிறகும் இவை ஏன் பெண் குதிரைக்காகச் சண்டை போடுகின்றன, இருக்கிற இடத்திலேயே இதை நிறுத்த முடியுமா? பெரும்பாலும் முடியும்.

என் அப்பா பினாங்கு பத்து கந்தோங் பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரைப் பராமரிப்பாளராக, இருந்தவர். நானும் அதே வேலையில் தொடங்கி, பிறகு கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்தில் சவாரிக் குதிரைகளின் லாயங்களைப் பொறுப்பேற்று நடத்தியவன். கால்நடை மருத்துவர் அல்ல. குதிரைகளின் நடத்தை, வேலி, தீவனம், கூட்டம் சேர்ப்பது ஆகியவற்றில் உறுதியாகப் பேசுவேன். மருந்து, ரத்தச் சோதனை என்று வரும்போது மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். உங்கள் குதிரைகளை நான் பார்த்ததில்லை என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் காயடித்தல் பற்றிய ஒரு தவறான எண்ணம். விதைகளை எடுத்துவிட்டால் ஆண் குணம் முழுவதும் போய்விடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஹார்மோன் குறைவது உண்மை. ஆனால் பெண் குதிரைகளைச் சேர்த்து ஓட்டுவது, மற்ற ஆண்களை விரட்டுவது, சில சமயம் மேலே ஏறுவது போன்ற, பொலிகுதிரைக்கே (காயடிக்காத ஆண் குதிரைக்கே) உரிய பழக்கங்கள் காயடித்தவற்றிலும் 20 முதல் 30 விழுக்காடு வரை காணப்படும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இன்னொன்று, பருவம் அடையும் முன்பே காயடித்தாலும், வளர்ந்த பிறகு காயடித்தாலும் இந்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. "தாமதமாகக் காயடித்ததால்தான் இப்படி" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். செம்பழுப்புக் குதிரை தலையைத் தரையோடு தாழ்த்தி, காதுகளை ஒட்டி மடக்கி, பாம்பு போல் கழுத்தை அசைத்தபடி மற்றவற்றை வேலியை விட்டுத் தள்ளுகிறதா என்று பாருங்கள். பெண் குதிரைகளின் சாணத்தை முகர்ந்து மேல் உதட்டைச் சுருட்டுகிறதா, அதன் மேலேயே தானும் சாணம் போடுகிறதா என்றும் பாருங்கள். இவை இருந்தால் அது தன் கூட்டத்தைக் காவல் காக்கிறது. அதைப் பொல்லாத குதிரை என்று முத்திரை குத்துவது நியாயமில்லை.

இரண்டாவது, நம் ஊருக்கென்றே உள்ள ஒரு விஷயம். குதிரையைப் பற்றி நாம் படிக்கும் பெரும்பாலான அறிவுரை குளிர்நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே பெண் குதிரை பகல் நீளும் வசந்தத்திலும் கோடையிலும்தான் பருவத்துக்கு வரும். குளிர்காலத்தில் அநேகமாக அடங்கிவிடும். லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 8 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். கோலாலம்பூரில் அது 20 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், பினாங்கில் 40 நிமிடத்தைத் தொடாது. பகல் குறையாத ஊரில் பருவம் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கலாம். சுழற்சி சுமார் 21 நாள். அதில் 5 முதல் 7 நாள் வரை பெண் குதிரை ஆணை ஏற்கும் நிலையில் இருக்கும். மூன்று பெண் குதிரைகளும் வெவ்வேறு நாளில் பருவத்துக்கு வந்தால், மாதத்தில் பாதிக்கு மேல் ஏதோ ஒன்று அந்த நிலையில் நிற்கும். ஆகவே "பருவகாலம் முடியட்டும், தானே சரியாகும்" என்ற அறிவுரை இங்கே செல்லாது. காத்திருப்பதற்கு நமக்கு ஓய்வுக்காலமே கிடையாது.

இனி வேலிக்கு வருகிறேன். என் பார்வையில் உங்கள் சிக்கலின் மையம் இதுதான். இரண்டு குதிரைகள் முதன்முதலில் சந்திக்கும்போது மூக்கோடு மூக்கு வைத்து மூச்சை முகரும். பிறகு ஒன்று வீறிட்டு முன்னங்காலால் ஓர் அடி அடிக்கும். திறந்த வெளியில் இது முடிந்ததும் ஒன்று விலகும், மற்றது மேயப் போகும், கணக்கு தீர்ந்துவிடும். ஒற்றை வேலிக்கு இருபுறமும் நிற்கும்போது அந்த முடிவு வருவதே இல்லை. முகரலாம், வீறிடலாம், அடிக்கலாம். ஆனால் விரட்டவும் முடியாது, சேர்ந்து மேயவும் முடியாது. அதே சந்திப்பு ஒரே நாளில் திரும்பத் திரும்பத் தொடங்குகிறது. முன்னங்கால் அடி பலகைகளுக்கு இடையே போகிறது, பின்னங்கால் உதை பலகையை உடைக்கிறது. அந்தப் பக்கம் காவல் காக்கும் குதிரைக்கு பெண் குதிரைகளை அடையவும் வழியில்லை, மறக்கவும் வழியில்லை. அந்தக் கோபம் கூட இருக்கும் மூன்றின் மேல் இறங்குகிறது. எனவே குதிரைகளை உண்மையாகப் பிரித்து வையுங்கள், அல்லது உண்மையாகச் சேர்த்து வையுங்கள். இரண்டுக்கும் நடுவே தொங்கவிடுவதுதான் காயத்தைக் கொண்டுவருகிறது.

அதற்கு முன் இரண்டு சுழற்சி காலத்துக்கு, அதாவது ஆறு வாரத்துக்கு, ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தப் பெண் குதிரை எந்த நாளில் வாலைத் தூக்கி, பின்கால்களை விரித்துக் குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விட்டது, அன்று எந்த ஆண் குதிரை என்ன செய்தது, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். சண்டை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரே பெண் குதிரையைச் சுற்றித் திரும்பி வந்தால் அது பருவத்தின் வேலை. அப்படி இல்லாமல் காலைத் தீவனத்துக்கு முன்போ, திடலுக்கு விடும்போதோ, மாலையில் லாயத்துக்கு அழைக்கும் நேரத்திலோ மட்டும் நடந்தால் அது பசி, அல்லது முதலில் உள்ளே போகும் உரிமைக்கான போட்டி. இரண்டுக்கும் மருந்து வேறு. இந்தக் கணக்கு இல்லாமல் யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது, உங்கள் குதிரையையும்தான். பல இடங்களில் நான் கண்டது, முதலில் பழி விழுந்த பெண் குதிரை அல்ல, அமைதியாக நிற்கும் மற்றொன்றுதான் அந்த நாட்களில் பருவத்தில் இருந்தது.

பிரிப்பது என்று முடிவு செய்தால் செய்ய வேண்டியது இரட்டை வேலி. இருக்கும் வேலியை அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இன்னொரு வரிசை போடுங்கள். இடம் இருந்தால் 4 அல்லது 5 மீட்டர் விடலாம். மூக்கும் மூக்கும் எட்டக் கூடாது, உதை எட்டக் கூடாது. அதுவே அளவு. ஒன்றையொன்று பார்க்கலாம், அதில் தவறில்லை. முழுக்க மறைத்தால் சில குதிரைகள் இன்னும் பதறி வேலியோரம் நடக்கத் தொடங்கும். இரண்டாவது வரிசைக்கு மரம் வேண்டியதில்லை. 4 சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளை மின்நாடா போதும், அது கண்ணில் நன்றாகப் படும். முள்கம்பியும் மெல்லிய இரும்புக் கம்பியும் வேண்டவே வேண்டாம். பதறி ஓடும் குதிரைக்கு அவை தெரியாது, மாட்டினால் தோலை எலும்பு வரை உரிக்கும்.

மின்நாடாவை வாங்கிக் கட்டிவிட்டு மறந்துவிடுவதுதான் நம் ஊரில் வழக்கமான கோளாறு. இங்கே புல் வேகமாக வளர்ந்து கீழ்நாடாவைத் தொட்டுவிடும். மழை பெய்ததும் மின்சாரம் புல் வழியாகத் தரைக்குப் போய்விடும், நாடாவில் சுருக்கென்று எதுவும் இருக்காது. ஒரு வாரத்தில் குதிரைகள் அதைக் கண்டுபிடித்துவிடும். எனவே கீழே புல் வெட்டுவதை வாராந்திர வேலையாக ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடியில், நாடாவுக்கு மின்சாரம் தரும் மின்பெட்டி கருகுவதும் உண்டு. இடி தொடங்கும்போது இணைப்பை எடுத்துவிடுங்கள், மறுநாள் காலையில் சோதனைக் கருவியால் பாருங்கள். அப்புறம் ஒன்று: இடைவெளியில் ஆழமான லோங்காங் (வடிகால்) ஓடுகிறது என்றால் அதையே பிரிக்கும் கோடாக நம்பிவிடாதீர்கள். விரட்டப்படும் குதிரை அதில் விழுந்தால் கால் முறியும். வடிகாலிலிருந்து தள்ளி இருபுறமும் வேலி வேண்டும்.

வேலிக்குச் செலவு செய்யும் முன்பே இன்றைக்கே மாற்றக்கூடியவை சில உண்டு. உலர்புல்லையும் தண்ணீர்த் தொட்டியையும் பொது வேலியிலிருந்து எட்டத்தில், திடலின் மறுகோடியில் வையுங்கள். குதிரை சாப்பிடும் இடத்தில்தான் நிற்கும். நான்கு குதிரைகளுக்கு நான்கு புல்குவியல் போடாமல் ஐந்து போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு குதிரை நீளத்துக்கு மேல் இடைவெளி விட்டு. தண்ணீரும் இரண்டு இடத்தில் இருந்தால் ஒரே குதிரை இரண்டையும் காவல் காக்க முடியாது. வாயிலருகே தீவனம் போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். நான் பார்த்த உதைக் காயங்களில் பெரும்பகுதி வாயிலில் கூட்டமாக முட்டிக்கொண்டதால் வந்தவை. திடலின் கூர்மையான மூலைகளை இரண்டு பலகை குறுக்கே அடித்து வளைவாக்கினால், விரட்டப்படும் குதிரை மாட்டிக்கொள்ளாமல் சுற்றி ஓடித் தப்பிக்கும்.

பருவத்தில் இருக்கும் குதிரையை மட்டும் தனியாக எங்கோ கொண்டுபோய் அடைப்பது பலர் செய்வது. இது உதவாது. தனியாக விடப்பட்ட குதிரை நாளெல்லாம் கனைத்துக்கொண்டு வேலியோரம் நடக்கும், மெலியும். அகற்றியே ஆக வேண்டும் என்றால் அதற்குப் பிடித்த ஒரு துணையோடு அகற்றுங்கள். மற்ற இரு பெண் குதிரைகளில் எதனோடு அது பல் உரசிப் பிடரி சொறிந்துகொள்கிறது என்பதையும் நோட்டில் குறித்துவையுங்கள், அதுதான் துணை.

சரி, எல்லாவற்றையும் ஒரே திடலில் சேர்த்துவிட்டால் என்ன? பெண் குதிரைகளையும் காயடித்தவற்றையும் சேர்த்து வைத்து நிம்மதியாக நடத்தும் லாயங்கள் நிறைய. பிரித்து வைத்தால்தான் காயம் குறையும் என்று அடித்துச் சொல்ல முடியாது, சேர்த்து வைத்தால்தான் நல்லது என்றும் சொல்ல முடியாது. கூட்டத்தில் ஆட்கள் அடிக்கடி மாறினால் சண்டை கூடும், மாறாமல் இருந்தால் குறையும் என்பது மட்டும் உறுதி. சவாரிப் பள்ளிகளின் பலவீனம் அங்கேதான்: மாதா மாதம் ஒரு குதிரை வரும், ஒன்று போகும். உங்கள் இடத்தில் பெண் குதிரைகள் மூன்று, காவல் காக்கும் ஆண் ஒன்று, அதற்குப் போட்டியாளர்கள் மூன்று. இந்தக் கணக்கில் ஏழையும் ஒன்றாகத் திறந்துவிடுவதை நான் செய்யமாட்டேன். நான்கில் மிகவும் சாந்தமான ஒன்றை மட்டும் பெண் குதிரைகளோடு விடுவதை யோசிக்கலாம். இப்படி ஒரே ஓர் ஆண் இருக்கும் கூட்டம் பலமுறை நன்றாக அமைந்துவிடும்.

சேர்க்கும்போது பின்னங்கால் லாடங்களைக் கழற்றச் சொல்லுங்கள். லாடமுள்ள உதையும் இல்லாத உதையும் ஒன்றல்ல. வேலியில் மாட்டும் தலைக்கயிற்றையும் கழற்றிவிடுங்கள். எந்தப் பெண் குதிரையும் பருவத்தில் இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். இரு தரப்பும் வயிறு நிறைய உலர்புல் தின்ற பிறகு, வெயில் ஏறும் முன், இருப்பதிலேயே பெரிய திடலில் விடுங்கள். முதலில் ஒரு பெண் குதிரையோடு மட்டும், சில நாள் கழித்து மற்றவை. முதல் சில மணி நேரம் யாராவது அருகில் இருக்க வேண்டும். வீறிடலும் துரத்தலும் இயல்பு, நடுவில் புகாதீர்கள். ஒன்று மற்றதை நிற்கவிடாமல், குடிக்கவிடாமல் விடாது துரத்தினால்தான் பிரிக்க வேண்டும்.

செம்பழுப்புக் குதிரை பந்தயத்திலிருந்து வந்ததா என்று விசாரியுங்கள். சிங்கப்பூர் பந்தயம் 2024 அக்டோபரோடு முடிந்தது, பினாங்கும் 2025-ல் நிறுத்திக்கொண்டது. ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள் பல நம் சவாரிப் பள்ளிகளுக்கு வருகின்றன. இந்த வட்டாரத்தில் ஓடியவை பெரும்பாலும் காயடித்த ஆண்களே. அருமையான குதிரைகள்தான். ஆனால் இரண்டு வயதிலிருந்து தனி லாயத்தில் நின்று, காலையில் ஓடிவிட்டு மறுபடி லாயத்துக்கே திரும்பியவை. கூட்டத்தில் எப்படி விலகுவது, எந்தக் காதசைவுக்கு என்ன பொருள் என்று கற்றுக்கொள்ள அவற்றுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. மற்றவை "தள்ளிப் போ" என்று காட்டும் சிறு குறிப்பு புரியாமல் முட்டிக்கொண்டே நிற்கும், கடைசியில் கடி வாங்கும் அல்லது கடிக்கும். இத்தகைய குதிரைக்கு நான் கேட்பது நேரம். வயதான, நிதானமான ஒரு துணையோடு மாதக் கணக்கில் விடுங்கள். மெதுவாகக் கற்றுக்கொள்கின்றன, அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மருத்துவரிடம் போக வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, செம்பழுப்புக் குதிரை அடிக்கடி மேலே ஏறுகிறது, மனிதர்களிடமும் முரண்டு பிடிக்கிறது என்றால், கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிய விதை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆன்டி முல்லேரியன் ஹார்மோன் என்ற ரத்தச் சோதனை இருக்கிறது. முழுமையாகக் காயடித்த குதிரையில் அது இருக்காது. அண்மையில்தான் காயடிக்கப்பட்டது என்றால், சில வாரங்கள் வரை கருத்தரிக்க வைக்கும் ஆற்றல் மிச்சம் இருக்கலாம், அதுவரை பெண் குதிரைகளோடு சேர்க்கவே கூடாது. இரண்டு, உங்கள் குதிரை மூன்று வாரக் கணக்குக்கு ஒத்துவராமல் தொடர்ந்து பருவத்தில் இருப்பது போலிருந்தால், அல்லது ஆண் குதிரை போலவே மற்ற பெண் குதிரைகளை விரட்டினால், சூலகத்தில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மூன்று, சேணம் போடும்போது காதை மடக்குகிறது, வயிற்றைத் தொட்டால் கடிக்க வருகிறது என்றால் பருவத்தின் மேல் பழி போடாதீர்கள். முதுகு வலியும் இரைப்பைப் புண்ணும் இப்படித்தான் காட்டும்.

பருவத்தை அடக்க அல்ட்ரெனோஜெஸ்ட் என்ற மருந்து உண்டு, தினமும் வாய்வழி கொடுப்பது. வேலை செய்யும். மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும், மற்ற ஏற்பாடுகள் பலிக்காதபோது மட்டும். அதைத் தொடுபவர் கையுறை போட வேண்டும், ஏனெனில் தோல் வழியாக மனித உடலுக்குள் போகும். கர்ப்பிணிகள் அதைக் கையாளவே கூடாது. சவாரிப் பள்ளியில் இளம் பெண்கள் தீவனம் கலக்கிறார்கள் என்றால் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கருப்பையில் கண்ணாடிக் கோலிக்குண்டு வைக்கும் பழைய முறையை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பாதிக் குதிரைகளில்கூட அது பலிப்பதில்லை. உள்ளே உடைந்ததும் புண் வந்ததும் உண்டு. "பெண் குதிரை அமைதி மாவு" என்று விற்கும் மூலிகைப் பொட்டலங்கள் பலிக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் நான் கண்டதில்லை. அந்த வெள்ளியை வேலிக்குச் செலவிடலாம்.

ஒரு எச்சரிக்கையைத் தள்ளிப்போட வேண்டாம். நண்பகலில் வேலியோரம் ஓடிக்கொண்டே இருக்கும் குதிரைக்கு வியர்க்கிறதா என்று கழுத்திலும் விலாவிலும் தொட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த குதிரைகளில் வியர்வை நின்றுபோகும் நோய் நம் வெப்பத்தில் புதிதல்ல. மூச்சு வாங்குகிறது, தோல் மட்டும் காய்ந்திருக்கிறது என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றி மருத்துவரை அழையுங்கள். இப்படிப்பட்ட குதிரை இருந்தால் இரு கூட்டத்தையும் இரவிலும் விடியலிலும் திடலுக்கு விட்டு, வெயிலில் லாயத்தில் வைப்பது நல்லது. மனிதர்களுக்கு: பருவத்திலுள்ள குதிரையை அந்தத் திடலை ஒட்டி நடத்திக்கொண்டு போகும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் விடாதீர்கள்.

இப்போதைக்கு ரவாங் தேட வேண்டாம் என்பது என் கருத்து. அங்கேயும் ஒற்றை வேலியும் காயடித்த குதிரைகளும் இருக்கும், உங்கள் குதிரை புதிய கூட்டத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நடத்துபவரிடம் ஆறு வாரம் கேளுங்கள். புல்குவியல்களையும் தண்ணீரையும் வேலியிலிருந்து தள்ளி வைக்க நாளைக்கே ஒப்புக்கொள்வார், செலவு இல்லையே. மின்நாடாவுக்கும் பெட்டிக்கும் ஆகும் தொகையில் ஒரு பங்கை நீங்களும் மற்ற இரு பெண் குதிரைகளின் உரிமையாளர்களும் தருவதாகச் சொன்னால் பேச்சு எளிதாகும். அதற்கும் அவர் இணங்கவில்லை, உடைந்த பலகையை அதே இடத்தில் அடித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார் என்றால் அப்போது இடம் மாறுங்கள். போகும் முன் புது இடத்தின் வேலியை நேரில் பார்த்து, எந்தக் குதிரைகள் எவ்வளவு காலமாக அங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். செம்பழுப்புக் குதிரையின் வயதும், காயடித்த காலமும், எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தால் எழுதுங்கள், இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.